கடற்கரையில் ஒரு சைவர்

போன மாதம் ஒரு மாலை என் நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. நல்ல மனிதர், யாருக்கும் தீங்கு நினையாதவர், கணக்கில் புலி. மனைவி, மகள், மாப்பிள்ளை, பேரன் எல்லோருடனும் மேற்குக் கடற்கரையில் ஐந்து நாள் பிரயாணம் போவதென்று தீர்மானித்திருந்தார். மங்களூரில் தொடங்கி, உடுப்பி, முருடேசுவரம், கோகர்ணம், கார்வார் வழியாகக் கோவாவில் முடிகிற பிரயாணம். அதற்கான திட்டத்தை நான்கு பக்கத்துக்கு அச்சடித்துக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

"நீங்களும் நம்மைப் போலச் சைவம். அந்தப் பக்கமெல்லாம் சுற்றினவர். ஏதாவது விட்டுப் போயிருந்தால் சொல்லுங்கள், சார்" என்று நீட்டினார்.

வாங்கிப் படித்தேன். ஐந்து நாளுக்குப் பதினைந்து வேளை. ஒவ்வொரு வேளைக்கும் ஓர் ஓட்டல். அது மூடியிருந்தால் இன்னோர் ஓட்டல். அதுவும் தவறினால் பெட்டியில் என்ன இருக்கும் என்ற விவரம். புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, அரிசி, மின்சாரத்தில் சோறு வடிக்கிற சிறு பாத்திரம், அதற்கு இரண்டு மாதிரி பிளக்கு. ஓட்டல் பெயர்களுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் 'சுத்தம்', 'சுத்தம்', 'சுமார்', 'விசாரிக்கவும்' என்று குறிப்புகள். தங்கும் விடுதிகள் கடலிலிருந்து எவ்வளவு தூரம் என்றுகூட எழுதியிருந்தார். கடலுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக அல்ல. மீன் வாடை எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக!

"ஒன்று விட்டுப் போயிருக்கிறது" என்றேன்.

"என்ன, சார்?"

"கடல்."

நான் வேடிக்கையாகச் சொன்னேன் என்று நினைத்து அவர் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். காபி வந்தது, பேச்சு வேறு பக்கம் போயிற்று. அன்று அவரிடம் சொல்லாமல் விட்டதை இப்போது இங்கே சொல்லப் போகிறேன். அவர் படித்துக் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். நானும் சைவன்தான். பிறப்போடு வந்த வழக்கம். பிறகு வயது வந்து யோசித்துப் பார்த்ததில், இதுவே எனக்கு ஒத்துப்போகிறது என்று வைத்துக்கொண்டேன். ஆகவே, இன்னொரு சைவரின் பயத்தைக் கேலி செய்வது என் நோக்கம் அல்ல. அறுபது வருஷம் புலால் தொடாதவருக்குக் குழம்பில் ஒரு கருவாட்டுத் துண்டு தட்டுப்பட்டால் குடல் புரளும். அது பாசாங்கு அல்ல. அந்தக் கடற்கரையில் அப்படி நேர்வதும் உண்டு. சில சிறு கடைகளில் சட்னிக்கு உலர்ந்த இறாலை வறுத்து அரைப்பார்கள். 'சாப்பாடு' என்று மட்டும் சொன்னால் சோற்றோடு மீன் குழம்பு வந்து நிற்கிற இடங்கள் வழி நெடுகிலும் இருக்கின்றன. அவர்கள் ஏமாற்றுவதில்லை. அந்த ஊரில் சாப்பாடு என்றால் அதுதான்.

எனவே கேட்க வேண்டும். 'மீனு பேடா, சிகடி பேடா, மொட்டெ பேடா' என்று மூன்றே வாக்கியம் கற்றுக்கொண்டால் போதும். மீன் வேண்டாம், இறால் வேண்டாம், முட்டை வேண்டாம். கன்னட நாட்டில் இது செல்லும். கோவாவுக்குள் நுழைந்ததும் 'நுஸ்தே நாகா' என்றால் மீன் வேண்டாம் என்று பொருள். அதைவிடச் சுருக்கமாக, 'ஷிவ்ராக்' என்று ஒரு கொங்கணிச் சொல் இருக்கிறது. மீனும் மாமிசமும் இல்லாத சாப்பாட்டுக்கு அங்கே அதுதான் பெயர். அந்த ஒரு சொல் போதும். முகத்தைச் சுளிக்க வேண்டியதில்லை.

இந்தச் சொல்லைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மீனே உயிர் என்று இருக்கிற கோவாக்காரர்களுக்கு மீனில்லாத சாப்பாட்டுக்குத் தனிப் பெயர் எதற்கு? அவர்களும் அதைச் சாப்பிடுவதால்தான். அங்கே பல இந்துக் குடும்பங்களில் திங்கட்கிழமை ஷிவ்ராக். சிராவண மாதத்தில் ஷிவ்ராக். கணேச சதுர்த்தியில் ஷிவ்ராக். காய்களும் பயறும் தேங்காயும் சேர்ந்து கொதிக்கிற 'கத்கதே' என்ற கூட்டு ஒன்று போதும், அந்தச் சமையலறையின் கெட்டிக்காரத்தனத்துக்குச் சாட்சி சொல்ல.

தெற்கே வந்தால் இன்னும் வளம். அரிசியை நீர்க்க அரைத்து வார்க்கிற நீர் தோசை. சேப்பங்கிழங்கின் இலையில் மாவைத் தடவிச் சுருட்டி ஆவியில் வேகவைக்கிற பத்ரொடெ. தாழை மடலைக் குழலாக்கி அதில் இட்லி மாவை ஊற்றி அவிக்கிற மூடெ. வாழைப்பழத்தை மாவோடு பிசைந்து பொரிக்கிற 'பன்ஸ்'. நம் ஊரில் மங்களூர் போண்டா என்று பேர் வாங்கிய கோளிபஜே. வட கன்னட ஜில்லாவின் ஹவ்யகர்கள் தழைகளை அரைத்து மோரில் கலக்குகிற தம்புளி ஒன்று செய்வார்கள். வெயிலில் அலைந்து வந்தவனுக்கு அது அமிர்தம். உடுப்பியைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். கிருஷ்ணன் கோயிலில் தினம் ஆயிரக்கணக்கானவர்களுக்கு இலவசச் சாப்பாடு. அந்தப் பக்கத்திலிருந்து சென்னைக்கு வந்த கே. கிருஷ்ண ராவ் 1930களின் இறுதியில் உட்லண்ட்ஸ் ஓட்டலைத் தொடங்கினார். இன்று நாம் நம்முடையது என்று மார் தட்டிக்கொள்கிற டிபன் கலாசாரத்தில் பாதி அந்தக் கடற்கரையிலிருந்து வந்தது. அந்த ஊருக்கு நாம் புளிக்காய்ச்சல் கட்டிக்கொண்டு போகிறோம்! கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான்.

ஆக, சைவச் சாப்பாட்டுக்கு அங்கே பஞ்சம் இல்லை. பின்னே நண்பரின் நான்கு பக்கமும் எதற்காக? அவருக்கு வேண்டியது சைவச் சாப்பாடு மட்டும் அல்ல, 'சுத்த' சைவம். என் சண்டை அந்த முன்னொட்டோடுதான்.

'சைவம்' என்றால் நான் என்ன சாப்பிடுகிறேன் என்று தெரிகிறது. 'சுத்த சைவம்' என்றால் பக்கத்து மேஜைக்காரனைப் பற்றியும் ஏதோ சொல்லியாகிவிடுகிறது. நான் சுத்தம் என்றால் அவன் என்ன? பலகையில் எழுதியவர் அப்படி நினைத்திருக்க மாட்டார், வியாபாரத்துக்காக எழுதினார். ஆனால் சொல்லுக்கு ஞாபகசக்தி உண்டு. சென்னையிலே திருவல்லிக்கேணியில் ஓர் ஓட்டல் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லி 1957இல் பெரியார் கிளர்ச்சி நடத்த வேண்டியிருந்தது. 'அது வெறும் அடையாளம்தானே, யாரை அவமதிக்கிறது?' என்று அப்போதும் கேட்டவர்கள் உண்டு. பலகையிலிருந்து அந்தச் சொல் போயிற்று. அது உட்கார்ந்திருந்த இடம் காலியாகவே இருக்கிறதா, வேறு சொல் வந்து உட்கார்ந்துகொண்டதா என்பதை வாசகர்கள் தங்கள் தெருவிலேயே பார்த்துக்கொள்ளலாம். 'வீடு வாடகைக்கு, சைவர்களுக்கு மட்டும்' என்ற அறிவிப்பைப் படிக்காதவர் யார்? சமையலறையில் என்ன வேகிறது என்பது மட்டுமா அங்கே கேள்வி?

2014ஆம் ஆண்டு மத்திய சர்க்கார் எடுத்த ஒரு மாதிரிக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 71 பேர் புலால் உண்பவர்கள். நம் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 97க்கு மேல். இத்தனை பேரும் அசுத்தம், மிச்சமுள்ள நாம் மூன்று பேர் சுத்தம் என்று சொல்ல நமக்கு நாக்கு கூச வேண்டாமா?

'நாங்கள் சாதியைச் சொல்லவில்லை, ஆசாரத்தைச் சொல்கிறோம்' என்பார்கள். அப்படியானால் இந்தக் கடற்கரை அவர்களை நன்றாகக் குழப்பும். அங்கே கௌட சாரஸ்வதப் பிராமணர்கள் இருக்கிறார்கள். வேதமும் உண்டு, பூணூலும் உண்டு, குலதெய்வமும் உண்டு. பெரும்பாலான வீடுகளில் மீனும் உண்டு. மங்களூரிலிருந்து உடுப்பி போகிற வழியில் உச்சில என்ற ஊரில் மகாலட்சுமிக்கு ஒரு பெரிய கோயில் இருக்கிறது. கட்டினவர்கள் மொகவீரர்கள், கடலோடிகள், மீன் பிடிக்கிறவர்கள். அந்தக் கோயில் வாசலில் நின்று நம் நண்பர் செருப்பைக் கழற்றுவாரா, மூக்கைப் பொத்துவாரா?

இவ்வளவு தூரம் போவானேன்? 'சைவம்' என்று நாம் சாப்பாட்டுக்கு வைத்திருக்கிறோமே, அது சிவனுடைய சமயத்தின் பெயர். அந்தச் சமயத்து அறுபத்து மூவரில் அதிபத்தர் யார்? நாகப்பட்டினத்துப் பரதவர். வலையில் விழுந்த மீன்களில் ஒன்றைத் தினமும் சிவனுக்கென்று கடலில் விட்டவர். கண்ணப்பர் என்ன படைத்தார் என்பது குழந்தைக்கும் தெரியும். இரண்டு பேரும் நாயன்மார்கள். ஆனால் இன்று நாம் நடத்துகிற சைவ ஓட்டலில் அவர்களுக்கு இலை போட மாட்டோம்.

எனக்கு இந்த விஷயத்தில் இத்தனை சூடு எதற்கு என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. அதைச் சொல்ல வெட்கமாகவும் இருக்கிறது.

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், ஹொன்னாவரைத் தாண்டி வடக்கே போய்க்கொண்டிருந்தோம். நல்ல மழை. கார் வழியில் நின்றுவிட்டது. மணி இரண்டுக்கு மேல். சாலையோரத்தில் ஓட்டுக் கூரை போட்ட சின்னக் கடை. நடத்துவது வயதான ஓர் அம்மாள். அடுப்பில் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. 'மீனு பேடா' என்று சொன்னோம். அந்த அம்மாள் எங்களை ஏற இறங்கப் பார்த்தாள். 'அரை மணி உட்காருங்கள்' என்றாள். குழம்பை இறக்கி வைத்தாள். இன்னொரு சட்டியை எடுத்துச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். மழையில் நனைந்துகொண்டே கொல்லைக்குப் போய்ப் பீர்க்கங்காய் பறித்து வந்தாள். தேங்காய் துருவினாள். கமகமவென்று ஒரு கூட்டு, சாதம், மோர். வாழை இலை அறுத்து வந்து எங்களுக்குப் போட்டாள்.

என்னோடு வந்த நண்பர் - இவர் அல்ல, வேறொருவர் - டிரைவரை விட்டுக் கேட்கச் சொன்னார்: 'இந்தச் சட்டியில் இதற்கு முன் மீன் வைத்தது உண்டா?'

அவள் யோசிக்கவே இல்லை. 'உண்டு. கழுவியிருக்கிறேனே' என்றாள்.

அவர் எழுந்துவிட்டார். நானும் எழுந்தேன்.

எனக்கு ஆட்சேபம் ஒன்றும் இல்லை. பசி வேறு. கூட வந்தவர் எழுந்துவிட்டாரே, நான் மட்டும் உட்கார்ந்து சாப்பிட்டால் என்னைப் பற்றி என்ன நினைப்பார் என்று எழுந்தேன். பணத்தை நீட்டினோம். 'சாப்பிடாத சாப்பாட்டுக்குக் காசு எதற்கு?' என்று அந்த அம்மாள் இலையை மடித்து எடுத்தாள். காரில் உட்கார்ந்து பிஸ்கோத்துத் தின்றோம்.

அவள் பொய் சொல்லியிருந்தால் நாங்கள் திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டுப் பாராட்டியும் வந்திருப்போம். உண்மையைச் சொன்னாள், அதற்காகத் தண்டித்தோம். நண்பருடைய 'சுத்தம்' யாருக்குப் பாடம் கற்பிக்கிறது என்று பாருங்கள்: பொய் சொல்லக் கற்பிக்கிறது.

'அப்படியானால் சைவனுக்கு உரிமையே கிடையாதா?' என்பார்கள். தாராளமாக உண்டு. இலையில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள உரிமை உண்டு. கேட்க உரிமை உண்டு. வேண்டாம் என்று சொல்ல உரிமை உண்டு. தனிச் சட்டியில் சமைத்ததுதான் வேண்டும் என்றால் அதையும் கேட்கலாம். ஆனால் அடுப்பு மூட்டுவதற்கு முன் கேட்க வேண்டும். ஒருத்தி நமக்காக மழையில் நனைந்த பிறகு கேட்கக் கூடாது. கேட்டு, அவள் 'என்னிடம் வேறு சட்டி இல்லை' என்றால், வணக்கம் சொல்லி, இரண்டு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு நகர வேண்டும். இவ்வளவுதான் முறை. நான்காவதாக ஓர் உரிமையை நாம் எடுத்துக்கொள்கிறோம்: ஊரார் தங்கள் சோற்றை நினைத்து வெட்கப்பட வேண்டும் என்கிற உரிமை. அதை யாரும் நமக்குக் கொடுக்கவில்லை.

காந்தியடிகள் 1888இல் லண்டனுக்குப் போனபோது தாய்க்குக் கொடுத்த வாக்குக்காகப் பட்ட பாட்டை அவரே எழுதியிருக்கிறார். மரக்கறி ஓட்டல் தேடித் தினம் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்தார். ரொட்டியைத் தின்று அரை வயிற்றோடு கிடந்தார். விரதம் அவருடையது, ஆகவே நடையும் அவருடையது. லண்டன்காரர்களை மூக்கைப் பொத்திக்கொண்டு பார்க்கவில்லை. அவர்களோடு உட்கார்ந்து பேசினார். விரதம் என்றால் அப்படி இருக்க வேண்டும். அதன் பாரம் நம் தோளில் இருக்க வேண்டும். பிறர் தலையில் அல்ல.

குறை சொல்லிவிட்டு ஓடிப்போவது நியாயம் இல்லை. ஆகையால் நண்பருக்கு நான் போட்டுத் தந்திருக்க வேண்டிய திட்டத்தை இங்கே சொல்லிவிடுகிறேன்.

மங்களூரிலிருந்து கார்வார் வரை சாலை சுமார் 270 கிலோமீட்டர். 1998 முதல் கொங்கண் ரயிலும் முழு நீளத்துக்கு ஓடுகிறது. ஐந்து நாளைக்கு ஐந்து ஊரில் பெட்டியைத் திறந்து மூட வேண்டாம். உடுப்பியில் இரண்டு இரவு, கோகர்ணத்தில் இரண்டு இரவு. இரண்டும் கோயில் ஊர்கள். காலையும் ராத்திரியும் சாப்பாட்டைப் பற்றி நினைக்கவே வேண்டாம். நடுவில் நீண்ட வழியில் போகிற நாளில் மட்டும் அவலும் பழமும் கையில் இருக்கட்டும். மத்தியானச் சாப்பாட்டைப் பிற்பகல் வரைக்கும் தள்ளாதீர்கள். சின்ன ஊர்களில் அது சீக்கிரம் தீர்ந்துபோகும்.

முதல் நாள் காப்புவில் 1901இல் கட்டிய கலங்கரை விளக்கத்தின் அடியில் உட்கார்ந்து அந்தியைப் பாருங்கள். இரண்டாம் நாள் விடியற்காலையில் மல்பெ துறைமுகத்துக்குப் போங்கள். ஆமாம், மீன் துறைமுகத்துக்குத்தான். வாடை அடிக்கும். கால் மணியில் பழகிவிடும். இரவெல்லாம் கடலில் இருந்தவர்களின் கண்களைப் பாருங்கள். அங்கிருந்து படகேறினால் செயின்ட் மேரி தீவு. சுமார் 8 கோடியே 80 லட்சம் வருஷத்துக்கு முன் மடகாஸ்கர் நம் நிலத்திலிருந்து பிரிந்த காலத்து எரிமலைப் பாறை, ஆறு பட்டைத் தூண்களாக நிற்கிறது. மூன்றாம் நாள் மரவந்தெ. சாலைக்கு ஒரு பக்கம் சௌபர்ணிகை ஆறு, மறு பக்கம் கடல். காரை நிறுத்துங்கள். பேரனை இறக்கிவிடுங்கள். பிறகு முருடேசுவரம், கோகர்ணம். ஐந்தாம் நாள், 1930இல் உப்புச் சத்தியாக்கிரகம் நடந்த அங்கோலா வழியாகக் கார்வார். தாகூர் இளைஞராக இருந்தபோது, ஜில்லா ஜட்ஜாக இருந்த அண்ணனோடு வந்து தங்கி நாடகம் எழுதிய ஊர் அது.

அக்டோபரிலிருந்து பிப்ரவரிக்குள் போவது நல்லது. மழைக்காலத்தில் ஜூன், ஜூலை இரண்டு மாதமும் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்று தடை இருக்கிறது. அப்போது போனால் மீன் வாடை குறைவாக இருக்கும். நல்ல பத்ரொடெயும் கிடைக்கும் என்று நண்பர் சந்தோஷப்படலாம். ஆனால் கடலும் அப்போது யாரையும் கிட்டே சேர்க்காது.

அந்த நான்கு பக்கத் திட்டத்தின் பிரதி இன்னும் என் மேஜைமேல் இருக்கிறது. நண்பர் அடுத்த மாதம் புறப்படுகிறார். பெட்டியில் புளிக்காய்ச்சல் இருந்துவிட்டுப் போகட்டும், அதில் எனக்கு விரோதம் இல்லை. பேரனுக்கு வயது எட்டு. மல்பெயில் வலை உலர்த்துகிறவனைக் காட்டி, 'தாத்தா, அவர் யார்?' என்று அவன் கேட்பான். அதற்கு என்ன பதில் சொல்வது என்பதை மட்டும் தாத்தா ரயில் ஏறும் முன்பே யோசித்து வைத்துக்கொள்ள வேண்டும்.